ஒழுகுவது ஓரிடம், உடைந்தது ஓரிடம்

ஓட்டுக் கூரையில் ஓடு எதனோடும் ஒட்டப்பட்டிருப்பதில்லை. ஆணி கிடையாது, பசை கிடையாது. அடிப்பக்கத்து மூக்கு ரீப்பர் கட்டையில் மாட்டிக்கொள்ள, பக்கத்து ஓட்டின் காடிக்குள் விளிம்பு அமர்ந்துகொள்ள, தன் கனத்தாலேயே ஒவ்வொன்றும் கிடக்கிறது. ஒரு ஓடு சுமாராக 2.5 கிலோ. நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 150 ஓடு வேண்டும். சின்ன அறை ஒன்றுக்கே முந்நூற்றைம்பது கிலோவுக்கு மேல் சுட்ட மண்ணை எதிலும் பிணைக்காமல் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நாம் குறட்டை விடுகிறோம். காற்று தூக்கும், குரங்கு பிரிக்கும், பூனை நகர்த்தும், மயில் மிதிக்கும்: எல்லா உபத்திரவத்துக்கும் இந்தத் தளர்ச்சிதான் காரணம். என் வீட்டுக் கூரையை நானே பார்த்துக்கொள்ள முடிவதற்கும் அதேதான் காரணம். கான்கிரீட் ஒழுகினால் ஆள் தேட வேண்டும். ஓடு ஒழுகினால் ஏணி போதும்.

கடையத்துக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் நடுவே எங்கள் ஊர். மேற்கே மலை. ஆனி, ஆடியில் கணவாய் வழியே இறங்கும் காற்றில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. ஓடு நகர்ந்து பார்த்திருக்கிறேன். அந்தக் காற்றோடு வரும் சாரல் மேற்குச் சரிவில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை பெரும்பாலும் கிழக்குச் சரிவைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரே வீட்டுக்கு இரண்டு கூரை என்றுதான் நான் கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டின் சீக்கும் வேறு. சாரல் பலமான மழை அல்ல. ஆனால் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளி, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் மேல்நோக்கி ஏற்றிவிடும். எந்த ஓடு கால் விரற்கடை தூக்கிக்கொண்டிருக்கிறது என்பதைச் சாரல்தான் காட்டும். ஐப்பசி மழை நேராகக் கொட்டும்; எந்தக் காடி அடைத்திருக்கிறது என்பது அப்போது தெரியும். "ஆனியிலதான ஏறிப் பாத்தீரு, அதுக்குள்ள என்ன ஒழுக்கு?" என்று தெருவில் கேட்பார்கள். ஆனியில் பார்த்தது வேறு வியாதிக்கு.

ஒழுகுகிற இடத்துக்கு நேர்மேலே ஏறி, அங்கே இருக்கும் நல்ல ஓட்டை எடுத்துவிட்டு இன்னொரு நல்ல ஓட்டைப் போட்டுவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. தண்ணீர் அப்படி விழுவதில்லை. ஓட்டின் விரிசலில் புகுந்த துளி ரீப்பரின் மேல் விழுந்து, அதன் ஓரமாகவே ஓடி, கைமரத்தைத் தொட்டதும் அதன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். வழியில் ஒரு கணுவோ பழைய ஆணியோ குறுக்கிட்டால் அங்கே சொட்டும். உடைந்த ஓடு நாலடி மேலே இருக்கலாம். ஆறடி பக்கத்திலும் இருக்கலாம். ஆகவே ஏறுவதற்கு முன்னால் நான் முதலில் விசாரிப்பது அம்மாவை. கூரையின் வரைபடம் அவளிடம் பாத்திரங்களாக இருக்கிறது. பட்டாசல் தூணோரம் குத்துப்போணி, நெல்லுப் பெட்டிக்குப் பக்கம் அண்டா, சாமி மாடத்துக்குக் கீழே பழைய ஈயச்சட்டி.

"எய்யா, போணி வச்ச எடத்துல இப்பச் சொட்டல. அண்டாப் பக்கமா நகந்துட்டு."

ஒழுக்கு நகர்ந்தால் ஓடு உடையவில்லை, ரீப்பர் தொய்கிறது என்று அர்த்தம். கட்டை வளைய வளையத் தண்ணீர் வழி மாற்றிக்கொள்ளும். இதைச் சொல்லித் தர வேறு கருவி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு உச்சி வெயிலில் கதவு, சன்னலை அடைத்துவிட்டு உள்ளே நின்று மேலே பார்க்க வேண்டும். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது ஓர் ஓட்டை. வெளிச்சம் தெரியாமல் ஒழுகுவதுதான் கஷ்டம். அதற்கு ஒருவர் மேலே செம்பும் தண்ணீருமாக, ஒருவர் கீழே டார்ச்சும் சுண்ணாம்புக் கட்டியுமாக நிற்க வேண்டும். தண்ணீரைக் கீழ் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாக மேலே போய் ஊற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எந்த வரிசைத் தண்ணீர் உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கீழே என் மகள் நிற்பாள். "வந்துட்டுப்பா!" என்று அவள் கத்தும்போது பெரும்பாலும் அவள் முகத்தில்தான் வந்திருக்கும்.

உடையாத, நகராத ஓடு ஒழுகினால் அணிலைச் சந்தேகப்படுங்கள். பக்கத்துக் காடிதான் ஓட்டுக்கு வாய்க்கால். அதில் வேப்பிலைச் சருகும் புழுதியும் சேர்ந்து கெட்டித்துப்போனால் தண்ணீர் கரை தாண்டி உள்ளே வழியும். அணில் கூடு கட்டினால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டுக் கூட்டில் தென்னந்தும்பு, தலையணையிலிருந்து உருவிய இலவம்பஞ்சு, என் மனைவி தேடிக்கொண்டிருந்த நீல நூல்கண்டில் பாதி, கோயில் கயிறு எல்லாம் இருந்தன. நடுவே கண் திறக்காத குட்டிகள். கீழே இருந்த மனைவியிடம் சொன்னேன்.

"பிள்ளத்தாச்சி வீட்டப் பிரிக்காதீங்க. ஓட்ட வச்சிட்டு எறங்குங்க."

"சொட்டுமே."

"சொட்டட்டும், போணி இருக்குல்லா."

அந்த ஓட்டை அப்படியே வைத்துவிட்டு இறங்கினேன். நூல்கண்டைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

ஓடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-இல் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். பின்னால் மேற்குக் கரை நெடுக, கோழிக்கோடு, கொல்லம் வரை ஓட்டுச் சூளைகள் வந்தன. 1904-இல் கொல்லம் செங்கோட்டை ரயில் பாதை முழுதாகத் திறந்தபின் மலைக்கு அந்தப்பக்கத்துச் சரக்கு இந்தப்பக்கம் இறங்குவது எளிதானது. எங்கள் வீட்டு ஓடு அந்த வழியாக வந்தது என்று அப்பா சொல்வார். பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கம்பெனி அச்சும் கொஞ்சம் வேறு. பார்வைக்கு ஒன்றாகத் தெரியும். பக்கத்தில் வைத்தால் காடி காடியில் உட்காராது. நகரத்துக் கடையில் புது ஓடு வாங்கி வந்து நடுவில் சொருகினால் அது மட்டும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அடுத்த சாரலுக்கு அதுதான் வாசல். ஆகவே ஊரில் எந்தப் பழைய வீடு இடிந்தாலும் நான் போய் நிற்பேன். முதுகில் பதிந்திருக்கும் எழுத்தைப் பார்த்து, எங்கள் அச்சோடு சேரும் ஓட்டை மட்டும் பொறுக்குவேன். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல ஓடு கணீரென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மொத்தென்று ஒரு சத்தம். எழவு வீட்டில் பழைய துணி பொறுக்குகிறவனைப் பார்ப்பது போலச் சிலர் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

எங்கள் பெரியப்பா காலத்தில் ஒரு காரியம் நடந்தது. வருஷா வருஷம் ஏறுவானேன், ஒரே தடவையில் முடித்துவிடுவோம் என்று ஓட்டு இடுக்குகளில் எல்லாம் சிமென்ட் பூசிவிட்டார்கள். முதல் மழைக்கு ஒரு சொட்டு இல்லையாம். மரம் வெயிலுக்குச் சுருங்கும், ஈரத்துக்கு உப்பும். ஓடும் கூடவே அசைந்து கொடுக்கும். சிமென்ட் அசையாது, வெடிக்கும். வெடித்த கோட்டில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, ரீப்பர் கறுத்து, தொட்டால் பொடியாக உதிரும் அளவுக்கு வந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, ஓர் ஓட்டை எடுக்கச் சுற்றிலும் நாலை உடைக்க வேண்டும். சாதாரணமாக மேல் வரிசையில் இரண்டு ஓட்டின் கீழ்விளிம்பைத் தூக்கிப் பிடித்துப் பக்கத்து ஓட்டைக் கொஞ்சம் நெம்பினால் பழுதானது கையோடு வந்துவிடும். பெரியப்பா பூசிய மூலையை நான் இன்னும் உளியும் சுத்தியலுமாகத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். சென்னையிலிருந்து வரும் மச்சினன் துப்பாக்கி மாதிரி ஒரு குழாயில் சிலிக்கான் பசை கொண்டுவந்து, "அத்தான், இத அடிச்சா போதும்" என்றபோது அவனை அந்த மூலைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். குழாய் இப்போது குளியலறைத் தொட்டி விளிம்புக்குப் பயன்படுகிறது. அங்கே நன்றாகவே இருக்கிறது.

இனி ஆட்டுக்குட்டி.

தொழுவை ஒட்டி வைக்கோல் படப்பு. கிடாக்குட்டி அதில் ஏறிக் குதிப்பதைப் பிள்ளைகள் கைபேசியில் படம் பிடித்துக் களித்துக்கொண்டிருந்தார்கள். படப்பிலிருந்து தொழுக் கூரைக்கு ஒரு தாவு, தொழுக் கூரையிலிருந்து வீட்டுக் கூரைக்கு இன்னொரு தாவு என்பதைக் குட்டி எங்களுக்கு முன்னால் யோசித்துவிட்டது. காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் டக்டக்கென்று கேட்டது. குரங்கு என்றால் இடைவிடாமல் சத்தம் கேட்கும். பூனை நடந்தால் சத்தமே வராது, நகர்ந்த ஓடு மட்டும் பிறகு தெரியும். இது நின்று, யோசித்து, மறுபடி டக்கென்றது. வெளியே வந்து பார்த்தால் பாதிக் கூரையில் நின்று கிடா அசைபோட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் நாய் மணிக்கு ஏணியில் நான் ஏறினாலே பிடிக்காது. ஆடு ஏறியதை அது தன் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. அது குரைக்கக் குரைக்கக் குட்டி இன்னும் மேலே போய் மோட்டு ஓட்டின் மேல் நின்றுகொண்டது.

"ஏ சவத்து மூதி, சும்மா கெட!" இது அம்மா, மணியிடம். "ஏல, நீ ஏறாத. ஒன் கனத்துக்கு மிச்சமும் போயிரும்." இது என்னிடம்.

மகள் அகத்திக் குழையோடு ஏணியில் பாதி ஏறி நின்று கூப்பிட்டாள். குட்டி குழையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி கயிறு வீசலாம் என்றார். எதிர்வீட்டுப் பையன் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடட்டுமா என்று கேட்டான். அதற்குள் என் மனைவி யாரிடமும் பேசாமல் தொழுவுக்குள் போய்த் தாயாட்டின் முன்னால் புண்ணாக்குச் சட்டியை வைத்தாள். தாய் ஒரு குரல் கொடுத்தது. குட்டி வந்த வழியே திரும்பி, தொழுக் கூரை, படப்பு, தரை என்று இறங்கிச் சட்டிக்குள் தலையைவிட்டது.

அண்ணாச்சியும் மற்றவர்களும் கலைந்தபின் ஏறிப் பார்த்தேன். குட்டி நடந்த தடம் புழுதியில் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தடம் நெடுக ஓடு உடைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. மூன்று வரிசை தாண்டி ஓரிடம், பிறகு மோட்டுக்குக் கீழே ஓரிடம், அவ்வளவே. மேலும் கீழும் கட்டையில் பதிந்து உட்கார்ந்த ஓட்டில் கிடாக்குட்டி என்ன, வளர்ந்த ஆளே நடக்கலாம். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ரீப்பரின் மேல் படிந்திருக்கும் கோட்டில் கால் வைத்தால் போதும். ஆட்டமாடும் ஓடுதான் உடையும். உடைந்த இரண்டு இடத்தையும் பிரித்தபோது கீழே ரீப்பர் உளுத்துப்போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டை முழுசாகத்தான் இருந்தது. ஆணியால் குத்தினால் மாவு கொட்டியது. ஐப்பசியில் அங்கே ஒரு வரிசையே சரிந்திருக்கும். அண்டாப் பக்கம் ஒழுக்கு நகர்ந்ததற்கும் அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது. படப்பை நகர்த்தினோம், உண்மைதான். என்றாலும் கூரையைச் சோதிக்க அந்த எடை, அந்தக் குளம்பு, அந்த நிதானம் மூன்றும் சேர்ந்த ஆள் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

உளுப்பு அடுப்பங்கரையில்தான் முதலில் வந்தது என்பது எனக்கு வெகுகாலம் புதிராக இருந்தது. வீட்டிலேயே உறுதியான மரம் அங்கேதான் இருந்தது. கைமரமெல்லாம் வைரம் பாய்ந்த பனை, கரி ஏறி எண்ணெய் தேய்த்த மாதிரிக் கறுத்திருக்கும். விறகடுப்புப் புகை அதற்கு மருந்தாக இருந்திருக்கிறது. புகை ஏறிய மரத்தைப் பூச்சி அண்டாது. கியாஸ் வந்தது, என் மனைவியின் கண்ணும் நெஞ்சும் தப்பின, பூச்சிக்கும் வழி திறந்தது. பனங்கை தாங்கிவிட்டது. பின்னாளில் போட்ட நாட்டு மர ரீப்பர் தாங்கவில்லை. இப்போது புதுக் கட்டை எதையும் முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு கை பூசி, காயவைத்து, பிறகுதான் ஏற்றுகிறேன். அது கையில் பட்டால் தோல் வெந்துபோகும். உறை போட்டுக்கொள்ள வேண்டும். ஒர்க்‌ஷாப் கழிவு ஆயிலைப் பூசுகிறவர்களும் உண்டு. சமையல் நடக்கிற இடத்துக்கு மேலே அந்த வாடை எனக்கு ஒப்பவில்லை.

பாம்பைப் பற்றியும் கேட்பார்கள். ஓட்டுக்கு அடியில் பல்லி இருக்கிறது, பல்லியைத் தேடி ஓநாய்ப் பாம்பு வரும். சுவரில் ஏறுவதில் கெட்டிக்காரன், விஷம் கிடையாது. பட்டை போட்டிருப்பதால் கட்டுவிரியன் என்று அடித்துவிடுகிறார்கள். ஓநாய்ப் பாம்பின் பட்டை கழுத்துப் பக்கம் பளிச்சென்று இருந்து வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்கு முன்பக்கம் மங்கல், பின்பக்கம் தெளிவு. ஏணியில் ஒரு காலும் ரீப்பரில் ஒரு கையுமாக இருக்கும்போது இந்தப் பாடம் ஞாபகம் வரும் என்று எண்ண வேண்டாம். எது என்றாலும் நான் இறங்கிவிடுவேன். ஓட்டைக் கையால் தூக்குவதற்கு முன் குச்சியால் இரண்டு தட்டு தட்டுவது அதனால்தான்.

மயிலுக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை. ஆண் மயில் நாலைந்து கிலோ இருக்கும். பறந்து வந்து இறங்குவது மோட்டு ஓட்டின் மேல்தான். அங்கிருந்துதான் ஊர் தெரிகிறது. மோட்டு ஓடு மட்டும்தான் கூரையில் காரை வைத்துப் பிடிப்பது. அதற்கும் நான் சிமென்ட் வைப்பதில்லை. ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல், கடுக்காய் ஊறவைத்த தண்ணீர். குழைத்து ஒரு வாரம் ஈரமாகப் போட்டுவைத்தால் கைக்குப் பிசுபிசுவென்று வரும். கொஞ்சம் அசைந்து கொடுக்கும், உடைந்தாலும் உதிர்த்துவிட்டு மறுபடி வைக்கலாம். தேசியப் பறவை, 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. கைதட்டி விரட்டுவதோடு சரி. அதற்கும் அது அசைவதில்லை.

மாற்று ஓடுகளைக் கொல்லையில் அடுக்கி வைத்திருக்கிறேன். தேள் இருக்கும் என்று பிள்ளைகளை அண்டவிடுவதில்லை. கோழிக்கு அந்தத் தடை தெரியாது. இந்தப் புரட்டாசியில் கிழக்குச் சரிவைப் பிரித்துப்போட்டுவிட்டு ஓடெடுக்கப் போனால், அடுக்கின் இடுக்கில் செவலைக்கோழி அடையில் கிடந்தது. கையை நீட்டினால் கொத்த வந்தது. "அடைக்கோழிய அசைச்ச, முட்டையெல்லாம் கூமுட்டையாப் போயிரும்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இருபத்தொரு நாள் கணக்கு. என்றைக்கு அடை உட்கார்ந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. திறந்த கூரை, வடக்கே மேகம். கடைசியில் அண்ணாச்சி மகன் கல்யாணத்துக்கு முச்சந்தியில் கட்டியிருந்த பிளக்ஸ் தட்டியைக் கேட்டு வாங்கியிருந்தது ஞாபகம் வந்தது. படப்புக்கு மூட வைத்திருந்தேன். அதை விரித்து, மேல் விளிம்பை மோட்டு ஓட்டுக்கு அடியில் சொருகி, கீழே செங்கல் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

மறுநாள் மழைக்கு ஒதுங்கிய அண்ணாச்சி பட்டாசலில் துண்டை விரித்துப் படுத்தார். கொஞ்ச நேரம் மோட்டுவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அவர் மகனும் மருமகளும் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள், சுற்றிலும் தலைவர்களும் நண்பர்களும்.

"ஏம்பா, இது நம்ம வீட்டுத் தட்டில்லா?"

"ஆமா அண்ணாச்சி. நனைஞ்சா சாயம் போயிரும்னு படத்த உள்பக்கமாத் திருப்பிப் போட்டிருக்கேன்."

அவர் எழுந்து உட்கார்ந்து, காப்பி கிடைக்குமா என்று கேட்டார்.